பெரிய ரயருக்கு எவ்வளவு காற்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் பிக்கப் வாங்குகிறவர்களில் பலர் முதல் வேலையாகக் கம்பனி ரயரைக் கழற்றிவிட்டுப் பெரியது போடுகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வன்னியில் வயல் செய்கிறவருக்கும் கிரவல் வீதியில் நாளாந்தம் ஓடுகிறவருக்கும் நிலத்திலிருந்து கொஞ்சம் உயரம் வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று கடைக்காரரும் யோசிப்பதில்லை, வாகனக்காரரும் கேட்பதில்லை. பெரிய விலை கொடுத்து வாங்கிய ரயர் பாதி ஆயுளில் பாழாகிறது. அதைவிட, இது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். நீண்ட காலம் இளைஞர்களுக்கு மோட்டார் பொறிமுறை படிப்பித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தயவுசெய்து வெட்டாமல் பிரசுரியுங்கள்.

என் பெறாமகன், அதாவது தம்பியின் மகன், கிளிநொச்சியில் நெல்லும் உழுந்தும் செய்கிறான். அவனுடைய பிக்கப்புக்குக் கம்பனி போட்டிருந்தது 265/65 ஆர் 17 என்ற அளவு (265 என்பது மில்லிமீற்றரில் அகலம், 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). அதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர் 17 போட்டான். புதிய ரயர் எல்.ரி. வகை, அதாவது இலகு லொறிகளுக்கென்று தடித்த பக்கச்சுவரோடு செய்யப்படுவது. சில வாரம் கழித்துக் கோண்டாவிலில் என் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, வாகனம் குதிக்குது, மழைக்குப் பிரேக் பிடிச்சா இழுத்துக்கொண்டு போகுது" என்றான். காற்று அளக்கும் மானியை வைத்துப் பார்த்தேன். 65 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் அழுத்தம் என்ற அளவு) இருந்தது. ரயரின் முகத்தில் நடுப்பகுதி தேய ஆரம்பித்திருக்க, இரண்டு ஓரத்திலும் புது ரயரில் இருக்கும் மெல்லிய இறப்பர் மயிர்கள் அப்படியே நின்றன. நான்கு ரயரும் ஓரங்களை நிலத்தில் ஊன்றாமல் நடுவில் மட்டுமே ஓடியிருக்கின்றன.

ரயர் போட்ட கடையில் கேட்டபோது, "பக்கத்தில 80 எண்டு எழுதியிருக்கு, நாங்கள் குறைச்சுத்தான் அடிச்சனாங்கள்" என்றார்களாம். வேறொரு கடைக்காரர் கதவோரத்துச் ஸ்டிக்கரைப் பார்த்து 29 அடிக்கச் சொல்லியிருக்கிறார். 65 எங்கே, 29 எங்கே! இரண்டு பேரும் எழுதியிருந்த எண்ணைத்தான் பார்த்தார்கள். ஆனால் இரண்டு எண்ணும் இந்த வாகனத்தில் இந்த ரயருக்குப் பொருந்தாதவை.

பக்கச்சுவரில் இருப்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்சப் பாரமும், அந்த உச்சப் பாரத்தைத் தாங்கத் தேவையான காற்றும். பெறாமகனின் ரயரில் 3195 இறாத்தல், 80 பி.எஸ்.ஐ. என்று இருந்தது. கிலோவில் சொன்னால் 1,450. நான்கு சில்லிலும் அப்படி ஏற்றினால் ஐந்து தொன்னைத் தாண்டும். அந்தப் பிக்கப் முழுப் பாரத்தோடும் அதன் பாதி அளவில்தான் நிற்கிறது. பிறகு எதற்கு 80, எதற்கு 65?

கதவோரத்து ஸ்டிக்கரோ கம்பனி ரயருக்காக எழுதப்பட்டது. அந்த அளவு, அந்த வகை, அந்த வாகனத்தின் பாரம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் 29 என்று போட்டிருக்கிறார்கள். ரயரை மாற்றாதவரை அதுதான் வேதவாக்கு. மாற்றிய பிறகு அந்த எண்ணை அப்படியே எடுக்க முடியாது. ஆனால் ஸ்டிக்கரைக் கிழித்தும் விடாதீர்கள், அது இன்னும் தேவைப்படும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பாரத்தைத் தாங்குவது இறப்பர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரயர் பெரிதானால் உள்ளே காற்றுக்கு இடம் கூடும், ஆகவே அதே பாரத்தைக் கொஞ்சம் குறைந்த அழுத்தத்திலேயே தாங்கும். இது ஒரே வகை ரயரில் அளவு மட்டும் கூடும்போது சரி. உதாரணமாக 265/65 ஆர் 17க்குப் பதிலாக அதே சாதாரண வகையில் 265/70 ஆர் 17 போட்டால், ரயர் தாங்கும் உச்சப் பாரத்தைக் குறிக்கும் பாரச் சுட்டெண் 112இலிருந்து 115 ஆகிறது. 112 என்றால் 1,120 கிலோ, 115 என்றால் 1,215 கிலோ. இங்கே ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தையே வைத்துக்கொண்டு தொடங்கலாம், கூட்டத் தேவையில்லை.

எல்.ரி. ரயருக்கு மாறும்போதுதான் கணக்குத் தலைகீழாகிறது. அதன் உள்ளே நூல் அடுக்குகள் கூடுதல் பலம், அதிக அழுத்தத்தில் வேலை செய்வதற்கென்றே செய்தது. சாதாரண ரயர் தன்னில் எழுதிய பாரத்தை 35, 36 பி.எஸ்.ஐ.யில் தாங்கிவிடும். எல்.ரி. ரயர் தன் பாரத்தை எட்ட அதன் தரத்தைப் பொறுத்து 50, 65, 80 வரை வேண்டும். 29இல் அது பழைய ரயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். பார்வைக்குப் பெரிதாகவும் முரடாகவும் இருக்கிறதே என்று குறைந்த காற்றில் ஓடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். எல்.ரி. ரயருக்கான பார அட்டவணைகள் பொதுவாக 35இலிருந்துதான் தொடங்கும். தார் வீதியில் அதற்குக் கீழே போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, அப்படியானால் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வாகனத்தை நிறுக்க வேண்டும். பரந்தன் பக்கம் ஓர் அரிசி ஆலையில் லொறியோடு ஏற்றி நிறுக்கும் தராசு இருக்கிறது. அங்கே கேட்டுக்கொண்டு, முன் சில்லு இரண்டையும் மட்டும் தராசில் ஏற்றி ஒருமுறை, பின் சில்லு இரண்டையும் மட்டும் ஏற்றி ஒருமுறை நிறுத்தோம். இரண்டு பேர் இருக்க, பெட்டி வெறுமையாக, முன் அச்சு 1,190 கிலோ, பின் அச்சு 870. பிறகு பத்து மூடை நெல்லை ஏற்றி நிறுத்தால் பின் அச்சு 1,520. ஒவ்வொன்றையும் இரண்டால் பிரித்தால் ஒரு சில்லின் பங்கு வரும். முன்னே 595, பின்னே வெறுமையாக 435, நெல்லோடு 760. பெறாமகன் அதுவரை முன்னேயும் பின்னேயும் ஒரே காற்றை, பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தான். இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே அது சரிவராது என்று விளங்கும்.

அடுத்தது அட்டவணை. நல்ல ரயர்க் கம்பனிகள் எல்லாமே, எந்த அளவு ரயர் எந்த அழுத்தத்தில் எத்தனை கிலோ தாங்கும் என்ற அட்டவணையை வெளியிடுகின்றன. இணையத்தில் எடுக்கலாம். இங்கேதான் கதவோரத்து 29 மறுபடி தேவைப்படுகிறது. பழைய ரயர் 29இல் எத்தனை கிலோ தாங்கியது என்று பார்த்து, புதிய ரயர் அதற்குக் குறையாமல் தாங்கும் அழுத்தத்தை எடுக்க வேண்டும். இன்றைய பாரத்துக்கு மட்டும் மட்டுமட்டாகக் காற்று அடித்தால், வாகனம் செய்தவர்கள் வைத்திருந்த மேலதிகத் தாங்குதிறனை நாமே எடுத்துவிடுகிறோம். பெறாமகனின் ரயருக்கு அந்தக் கணக்கு 40ஐ அண்டி வந்தது. ஆகவே நான்கு சில்லுக்கும் 42, நெல் ஏற்றும் நாளில் பின்னே 44 என்று தொடங்கினோம்.

அப்புறம்தான் வெண்கட்டி. பள்ளிக்கூட வெண்கட்டியால் ரயரின் முகத்தில் ஓரத்திலிருந்து ஓரம் வரை அகலமாக ஒரு கோடு கீறிவிட்டு, சமதரையான நேர் வீதியில் கொஞ்சத் தூரம் ஓட்டி இறங்கிப் பார்க்க வேண்டும். ஸ்ரியரிங்கைத் திருப்பக் கூடாது, திருப்பினால் முன் சில்லில் ஓரம் அழிந்து ஏமாற்றும். விடியப்புறம் வாகனம் குறைந்த நேரத்தில் பண்ணைப் பாலத்து வீதி இதற்குத் தோதானது, வளைவும் இல்லை மேடு பள்ளமும் இல்லை. கோடு முழு அகலத்துக்கும் ஒரே சீராக அழிந்தால் ரயர் நிலத்தில் சமமாகப் படுகிறது. நடுவில் மட்டும் அழிந்தால் காற்றுக் கூட, ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. எங்களுக்கு முன்னே 42இல் கோடு சீராக அழிந்தது. பின்னே பெட்டி வெறுமையாக இருந்ததால் நடுவில் அழிந்து ஓரம் கொஞ்சம் மிஞ்சியது. 40க்கு இறக்கியதும் சரியாகிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வெண்கட்டி வித்தையை மட்டும் வைத்துக்கொண்டு காற்றைத் தீர்மானிக்கும் பொடியன்களை நான் கண்டிருக்கிறேன். வெறும் பெட்டியோடு பின் சில்லில் கோடு ஓரம் வரை அழிய வேண்டும் என்று இறக்கிக்கொண்டே போனால் 25, 26 வரை போய்விடும். அதோடு அடுத்த நாள் பத்து மூடை ஏற்றினால் என்னவாகும்? ரயர் நிலத்தில் எப்படிப் படுகிறது என்பதைத்தான் வெண்கட்டி சொல்லும். எவ்வளவு தாங்கும் என்பதைத் தராசும் அட்டவணையும்தான் சொல்லும். அவை போட்ட எல்லைக்குள் நின்று ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிக் குறைப்பதற்கு மட்டுமே வெண்கட்டி.

கடைசிச் சோதனை சூடு. காலையில் வெயில் ஏறுமுன், வாகனம் இரவு முழுக்க நின்ற நிலையில் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேர அளவு ஓடி, நிறுத்திய உடனே மறுபடி அளக்க வேண்டும். சாதாரண ரயரில் 4 பி.எஸ்.ஐ. அளவும், இலகு லொறி ரயரில் 6 வரையும் கூடினால் சரியாக இருக்கிறது என்று எடுக்கலாம். அதைவிட நன்றாகக் கூடினால், தொடக்கத்தில் வைத்த காற்றுப் போதாது. கூடவே இல்லை என்றால் தேவைக்கு மேல் அடித்திருக்கிறோம். கோண்டாவிலிலிருந்து கிளிநொச்சிக்குப் போய் இறங்கிப் பார்த்தபோது பின்னே 40 என்பது 45 ஆகியிருந்தது. மனம் ஆறியது.

காற்றுக் குறைந்தால் ஏன் சூடு கூடுகிறது என்பதைப் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. கம்பி ஒன்றை மடக்கி மடக்கி விரித்தால் மடிப்பில் சூடேறுவதைப்போல இறப்பரும் சூடேறுகிறது. வேகமும் பாரமும் வெயிலும் சேர, உள்ளே நூல் அடுக்குகள் இறப்பரிலிருந்து பிரியத் தொடங்குகின்றன. ஒருநாள் வெடிக்கிறது. வெடித்ததைக் கண்டவர்கள் "காத்துக் கூடி வெடிச்சுப்போச்சு" என்கிறார்கள். அதை நம்பி, ஆனையிறவில் நிறுத்தி ரயரைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுகிற சாரதிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஓடிச் சூடான ரயரில் அழுத்தம் கூடுவது இயல்பு, ரயர் செய்தவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சூட்டில் திறந்துவிட்டால், ஆறிய பிறகு காற்றுத் தேவைக்குக் கீழே போய்விடும். மிச்சப் பயணம் முழுக்க ரயர் இன்னும் கூடச் சூடேறும்.

அளவை எப்போதும் குளிர்ந்த நிலையில்தான் எடுக்க வேண்டும். ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், ஒரு பக்கத்துச் சில்லில் மட்டும் வெயில் படவும் கூடாது. வெப்பநிலை ஐந்தாறு பாகை செல்சியஸ் மாறினாலே ஒரு பி.எஸ்.ஐ. மாறும். சித்திரை வெயிலில் மத்தியானம் கடைக்குப் போய் 36 அடித்துவிட்டு வந்தால் அது உண்மையில் 36 இல்லை. பலருக்கும் மத்தியானம்தான் வசதி என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் கொஞ்சம் கூட அடித்துக்கொண்டு வந்து, அடுத்த நாள் காலையில் வீட்டில் வைத்துச் சரிசெய்யுங்கள். (நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் குளிருக்கு எவ்வளவு கூட்டுவது என்று கேட்பதுண்டு. கூட்டத் தேவையில்லை. குளிர் அழுத்தத்தைக் குறைத்தாலும், 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் ஏறக்குறைய அதே அளவு கூடிவிடும்.)

பிக்கப்பை விட்டால், எனக்குக் கவலை தருவது பட்டா என்று சொல்லப்படும் சிறிய லொறிகள். பாரம் கூட ஏற்றலாம் என்று பின்னே பெரிய ரயர் போடுகிறார்கள். பெரிய ரயர் வாகனத்தின் தாங்குதிறனைக் கூட்டுவதில்லை. அச்சும் வில்லும் பிரேக்கும் பழையவைதானே? மரக்கறியும் வெங்காயமும் கூரை மட்டத்துக்கு அடுக்கிக்கொண்டு, முன்னும் பின்னும் ஒரே காற்றோடு, இரவோடு இரவாகத் தம்புள்ளைக்கு ஓடுகிற பிள்ளைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவர்களுக்கு ஒரேயொரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன். தம்பிமார், பாரம் ஏற்றுமுன் ரயர் குளிர்ந்திருக்கும்போதே பின் சில்லுக்கு அன்றைய பாரத்துக்கான காற்றை அடித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து ரயர் ஆறிய பிறகு பழைய அளவுக்கு இறக்குங்கள்.

மணற்காட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மணலில் 18, 20 வரை இறக்கினால் ரயர் அகலமாகப் பரந்து புதையாமல் போகும் என்பது உண்மை. மெதுவாக, சடுதியாகத் திருப்பாமல் ஓடும் வரை பாதகமில்லை. (மணல்மேட்டில் வாகனம் ஏற்றுவதே எனக்கு விருப்பமில்லாத விஷயம், அந்த மேடுகள் ஊரைக் கடலிலிருந்து காக்கின்றன. அது வேறு கடிதம்.) ஆனால் அதே 18ஓடு பருத்தித்துறை வீதியில் ஏறி எண்பதில் பறப்பது பெரும் ஆபத்து. வளைவில் ரயர் ரிம்மை விட்டுக் கழன்றே போகலாம். வாகனத்து பற்றரியில் வேலை செய்கிற சிறிய காற்றுப் பம்பு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள், தார் வீதியில் ஏறுமுன் அடித்துவிடுங்கள்.

மழைக்காலத்துக்கும் இது பொருந்தும். அகல ரயர் தண்ணீரை வெட்டி நிலத்தைப் பிடிப்பது கடினம், காற்றுக் குறைந்தால் இன்னும் கடினம். ஐப்பசி கார்த்திகையில் ஏ9 வீதியில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னும் இரண்டு விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ரயர் பெரிதானால் வேகமானி குறைத்துக் காட்டும். பெறாமகனின் பழைய ரயர் 776 மில்லிமீற்றர் விட்டம், புதியது 831. முள் 60இல் நிற்கும்போது உண்மையில் 64இல் ஓடுகிறான். அடுத்தது, மேலதிகச் சில்லு. வாகனத்துக்கு அடியில் தொங்குவது பழைய அளவாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு நான்கு சில்லு இழுவையில் ஓடக் கூடாது. விட்டம் வேறுபட்டால் கியர்பெட்டியும் அச்சும் அடிபடும்.

ரயர்க்கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள்தான். பெரிய ரயர் போடுகிறவரிடம் என்ன பாரம் ஏற்றுவீர்கள், எங்கே ஓடுவீர்கள் என்று கேளுங்கள். அட்டவணையைப் பார்த்து முன்னுக்கு இத்தனை, பின்னுக்கு வெறுமையாக இத்தனை, பாரத்தோடு இத்தனை என்று ஒரு துண்டில் எழுதி, கதவோரத்து ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உங்கள் மானியையும் அடிக்கடி இன்னொரு நல்ல மானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் முழுக்கக் கீழே விழுந்து எழும்பும் மானி இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. பிழையாகக் காட்டுவது சாதாரணம். வாகனக்காரரும் சொந்தமாக ஒரு மானி வைத்திருப்பது நல்லது. ஒரு ரயரின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

ரயர் இறக்குமதி செய்கிறவர்கள், தாங்கள் விற்கிற அளவுகளுக்கான பார அட்டவணையைத் தமிழில் அச்சிட்டுக் கடைகளில் தொங்கவிட வேண்டும். இப்போது அது ஆங்கிலத்தில், இறாத்தலிலும் கிலோவிலும் கலந்து கிடக்கிறது. கடையில் வேலை செய்கிற பொடியனுக்கு அதைத் தேடிப் படிக்க நேரமும் இல்லை, உதவியும் இல்லை. எவராவது முன்வந்தால் மொழிபெயர்த்து, எண்களைச் சரிபார்த்துக் கொடுக்க நான் தயார். உங்கள் பத்திரிகை அலுவலகம் மூலம் என்னைத் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியர்,
கோண்டாவில்.